மாதிரிக் கையெழுத்து

கோந்துவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் கோந்துதான். லேபிள் பிரிவின் தலைவர் அவர். அந்தப் பிரிவின் ஒரே ஊழியரும் அவரே. அந்தக் கம்பெனி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி செய்தது. கருவியோடு சேர்த்து, அதில் ஊற்றுகிற பாதரசத்தையும் கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து விற்றார்கள். இருபது வருஷமாக அந்தப் புட்டிகளின் வயிற்றில் 'கவனமாகக் கையாளவும்' என்ற லேபிளை ஒட்டி வந்தார் கோந்து. எதற்காகக் கவனம் என்று அவரும் யாரையும் கேட்டதில்லை, அவருக்கும் யாரும் சொன்னதில்லை.

அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு ஃபாரம் வந்து விழுந்தது. சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பியது. பாதரசம் எந்தெந்த விதத்தில் ஆபத்தானது என்று வகை பிரித்து எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன்படி புதிய லேபிள் ஒட்டி அனுப்பினால்தான் சரக்கை இறக்குவோம் என்று கூடவே ஒரு கடிதம். எண்ணூறு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை லாரி வருகிறது.

ஃபாரத்தில் இரண்டு பாகம். முதல் பாகம், பொருள் என்ன செய்யும் என்பது: வெடிக்குமா, எரியுமா, அரிக்குமா. இரண்டாம் பாகம், உடம்பை என்ன செய்யும் என்பது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பொடி எழுத்தில், 'ஆம்' என்று எழுதினால் கம்பெனி என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. 'நீண்ட காலம் பழகினால் நரம்பையோ சிறுநீரகத்தையோ கெடுக்குமா?' என்ற கேள்விக்குக் கீழே இருந்ததை கோந்து மூன்று தடவை படித்தார். ஆம் என்றால், அந்த இடத்தில் ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களைச் சம்பளம் குறையாமல் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

பாதரசம் நிரப்புகிற ஃபில்லிங் அறையில் பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி கோந்துவின் மனைவி. அவள் அங்கே போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாக வீட்டில் அவள் டீயை அரை டம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை. கஞ்சத்தனம் என்று கோந்து இரண்டு முறை கிண்டல்கூடச் செய்திருக்கிறார். போன மாதம் ஒருநாள் அவள் தெரியாமல் முழு டம்ளர் ஊற்றிவிட்டாள். சமையல் மேடையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் பாதி டீ தரையில் இருந்தது. அன்றிலிருந்து கோந்து கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

"டாக்டர்கிட்டக் காட்டலாமா?" என்று கேட்டதற்கு, "காட்டி? கை நடுங்குறவள எவன் வேலைக்கு வச்சுப்பான்? பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் அறையில் கமிட்டி கூடியது. மேனேஜர் தலைவர். கம்பெனி டாக்டர் ஓர் அங்கத்தினர். அவர் செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் வருவார், தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே சிவப்பு மாத்திரையைக் கொடுப்பார். ஸ்டோர்ஸ்காரர் இன்னோர் அங்கத்தினர்; அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும், முகத்தில் சிரிப்பு எப்போதும் இருக்காது. எழுதிக்கொள்ள கோந்து.

முதல் பாகத்தில் பதினாறு கேள்விகள். மேனேஜர் படிக்கப் படிக்க வேலை மளமளவென்று நடந்தது.

"வெடிக்குமா?"

"இல்ல" என்றார் டாக்டர்.

"எரியுமா?"

"இல்ல."

"தானாச் சூடேறுமா?"

அது மேனேஜரின் குணம் ஆயிற்றே என்று கோந்துவுக்குத் தோன்றியது. 'இல்லை' என்று மட்டும் எழுதினார்.

பதினைந்து கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா? பதினஞ்சுக்குப் பதினஞ்சு. குழந்தை மாதிரி ஒரு பொருள். இதப் போய் ஆபத்துங்கறான்."

பதினாறாவது கேள்வி: 'உலோகங்களை அரிக்குமா?'

மேனேஜரின் முகம் சிவந்தது. சிவக்காதா பின்னே? பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் ஃபில்லிங் அறையைச் சுற்றிப் பார்க்கப் போனவர், மேசையில் கையை ஊன்றினார். மேசையில் ஒரு துளி பாதரசம். விரலில் மாமனார் போட்ட மோதிரம். ஊருக்கே காட்டிக்கொண்டிருந்த தங்கம் ஐந்து நிமிஷத்தில் வெளுத்து, ஈயத் துண்டு மாதிரி ஆகிவிட்டது. அன்று அவர் போட்ட கூச்சலில் வேலையே நின்றது. மறுநாளே சட்டம் வந்தது: தங்கத்தோடு யாரும் உள்ளே போகக் கூடாது. கம்மல், வளையல், மோதிரம் எல்லாவற்றையும் காலையில் ஸ்டோர்ஸ் இரும்புப் பெட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். ஒரு மோதிரத்துக்காக ஒரு பெட்டி, ஒரு பதிவேடு, அதற்கு ஒரு காவலர். மோதிரம் இருந்த விரலைப் பற்றி அன்றைக்கும் யாரும் கவலைப்படவில்லை.

"ஆம்னு போடுங்க" என்றார் மேனேஜர். "நல்லா அழுத்திப் போடுங்க. ஈவு இரக்கமில்லாத பொருள் அது."

"என்னோட அலுமினிய ஏணியும் போச்சு சார்" என்றார் ஸ்டோர்ஸ்காரர். "ஒரு சொட்டுதான். ஏணிக்கு நரைமுடி மொளைச்சு உளுத்துப் போச்சு." கமிட்டி ஏணிக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டது.

அரிக்கும் பொருளுக்கு லேபிளில் போட வேண்டிய படத்தையும் அனுப்பியிருந்தார்கள். ஒரு குழாயிலிருந்து திரவம் சொட்டி ஓர் உலோகக் கட்டியை அரிக்கிறது. பக்கத்தில் இன்னொரு குழாயிலிருந்து சொட்டி ஒரு கையை அரிக்கிறது. மேனேஜர் அதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல கை எதுக்கு? கேள்வி உலோகத்தப் பத்தி மட்டும்தானே?"

"படமே அப்படித்தான் சார் வருது" என்றார் கோந்து.

"கைய எடுத்துருங்க. தேவையில்லாம ஜனங்க பயப்படுவாங்க."

கோந்து வெள்ளை மை தொட்டுக் கையை அழித்தார். இருபது வருஷ வேலையில் படம் வரைந்ததில்லை, அழிக்க மட்டும் நன்றாகவே வந்தது.

இரண்டாம் பாகத்துக்கு வந்தார்கள். விழுங்கினால் ஆபத்தா? டாக்டர் யாரோ ஒரு பையன் தெர்மாமீட்டரைக் கடித்து விழுங்கி, மறுநாள் எல்லாம் ஒழுங்காக வெளியே வந்த கதையைச் சொன்னார். மூச்சில் போனால் ஆபத்தா?

"அதுக்கு வாசனையே கிடையாதே" என்றார் மேனேஜர். "வாசனையில்லாதத எப்படி மூச்சுல இழுக்க முடியும்?"

டாக்டர் வாயைத் திறந்தார், மேனேஜரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு, "தகவல் இல்லைன்னு போடலாம். அப்படிப் போட ஃபாரத்துல இடம் இருக்கு" என்றார்.

நீண்ட காலம் பழகினால்?

கோந்துவின் பேனா நின்றது. "சார், ஃபில்லிங்ல பத்து வருஷம், பன்னெண்டு வருஷம் இருக்கறவங்க இருக்காங்க. அவங்கள ஒரு தடவ பாத்துட்டு..."

"வருஷா வருஷம் பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றார் டாக்டர். அவர் பார்ப்பது எப்படி என்றால், வரிசையில் வருகிறவளிடம் "நல்லாருக்கீங்களா?" என்பார், அவள் "இருக்கேன்" என்பாள், 'நலம்' என்று எழுதுவார். அந்தப் பன்னிரண்டு வருஷ 'நலம்' அத்தனையும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தது. "ஒருத்தரோட கை, கண்ணு, நடை எல்லாம் தினமும் எப்படி மாறுதுன்னு யாராவது வருஷக்கணக்கா குறிச்சு வச்சிருந்தா சொல்லலாம். அப்படி எதுவும் நம்மகிட்ட இல்லையே."

'தகவல் இல்லை' என்று எழுதியது கோந்துவின் சொந்தக் கைதான். எழுதிவிட்டு அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கடைசியாக, அந்தப் பொருளோடு வேலை செய்யும் ஒருவர் 'படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தது.

"உங்க வீட்டம்மாவே போடட்டும்" என்றார் மேனேஜர். "குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சுரும். ஸ்டோர்ஸ், நீங்க கையெழுத்தச் சரிபாத்து நம்ம முத்திரைய வச்சுருங்க. இவ்வளவு சுத்தமா வேலை பாக்கறானுங்களேன்னு வாங்கறவன் அசந்து போகணும்."

மறுநாள் சாயங்காலம் மனைவி வெறும் காதோடு வீட்டுக்கு வந்தாள்.

"கம்மல் எங்கே?"

"உங்க ஸ்டோர்ஸ்காரன் தரமாட்டேங்கறான். ஃபாரத்துக்குச் சரிபாக்கணும்னு, நான் சேர்ந்தப்போ போட்ட மாதிரிக் கையெழுத்த எடுத்து வச்சானாம். இப்பப் போடறது அதோட பொருந்தலயாம். பன்னெண்டு வருஷமா என் மூஞ்சியப் பாக்கறான், எம்மா எம்மான்னு கூப்பிடறான், கம்மல் மட்டும் வேற யாரோடதோவாம்." கோபத்தில் பையைத் தூக்கி மூலையில் போட்டாள். அழுகை வந்தது. அதைக் காட்டாமல் முகம் கழுவப் போனாள்.

கோந்துவுக்கு அப்போது உதித்த யோசனை இருக்கிறதே, அது அவருக்கு மட்டும்தான் உதிக்கும். பழைய சேமிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதில் அவளுடைய பழைய கையெழுத்து இருந்தது, குண்டு குண்டாக, நேர்கோட்டில். ஒரு கட்டுப் பழைய லேபிளையும் பென்சிலையும் அவள் முன்னால் வைத்தார்.

"இதப் பாத்து எழுதிப் பழகு."

"என் கையெழுத்த நானே காப்பி அடிக்கணுமா?"

"நாளைக்குக் கம்மல் வேணுமா வேணாமா?"

அவள் உட்கார்ந்து எழுதினாள். பத்து, இருபது, நாற்பது. மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்தாள். மேசையில் முழங்கையை அழுத்திக்கொண்டு எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு கோடும் போகிற வழியில் பல் பல்லாக உடைந்தது. நாற்பத்தெட்டாவது லேபிளில் பென்சிலை வைத்துவிட்டு, "முடியலீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து கோந்து கேட்டதே இல்லை. அவர் சேமிப்புப் புத்தகத்தை மூடி வைத்தார்.

வியாழக்கிழமை ஸ்டோர்ஸுக்குச் சண்டை போடத்தான் போனார். "மனுஷனாய்யா நீ?" என்றுதான் ஆரம்பித்தார்.

ஸ்டோர்ஸ்காரர் அசையவில்லை. "உங்க சம்சாரம்னு சலுகை காட்டச் சொல்றீங்களா? ஆதாரத்தப் பாத்துட்டுப் பேசுங்க." அலமாரியைத் திறந்து பன்னிரண்டு பதிவேடுகளை ஒவ்வொன்றாக மேசையில் இறக்கினார். முதல் பதிவேட்டில் கோந்துவின் மனைவி கையெழுத்து, சேமிப்புப் புத்தகத்தில் இருந்த அதே குண்டு எழுத்து. ஐந்தாவதில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஏழாவதில் கோடு அதிர ஆரம்பித்தது. ஓரத்தில் சிவப்பு மையில், தேதியோடு, 'கையெழுத்து மாறுகிறது. எச்சரிக்கப்பட்டார்.' பத்தாவதில், 'மிகவும் மாறுகிறது. மீண்டும் எச்சரிக்கப்பட்டார்.'

"இவங்க மட்டும் இல்ல" என்றார் ஸ்டோர்ஸ்காரர், தம் வேலையின் பெருமையோடு. "அந்த அறையில பதினோரு பேரும் இப்படித்தான். ஒருத்தரும் ஒழுங்காப் போடறதில்ல. நானும் எத்தன தடவதான் எச்சரிக்கிறது?"

கோந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். தினம் இரண்டு கையெழுத்து, பன்னிரண்டு வருஷம், பதினோரு பெண்கள். யாராவது குறித்து வைத்திருந்தால் சொல்லலாம் என்று டாக்டர் சொன்னாரே, அத்தனையும் இங்கே இருந்தது. தங்கம் களவு போகாமல் இருக்க எழுதியது. கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதிய மனுஷனுக்கே தான் எழுதியது என்னவென்று தெரியவில்லை.

"இதக் கொஞ்சம் மேனேஜர்கிட்டக் கொண்டு போய்க் காட்டலாமா?"

"பதிவேடு இந்த அறைய விட்டு வெளிய போகாது. சட்டம்." பெட்டிக்கு மேல் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த தாளைக் காட்டினார். மேனேஜர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கையெழுத்திட்ட சட்டம். கோந்து அதை முதல் முறையாக முழுதாகப் படித்தார். கடைசி வரியை இன்னொரு தரம் படித்தார். பிறகு சண்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னார்: "நாளைக்கு ஃபாரத்துல கையெழுத்துப் போடக் கூப்பிடுவாங்க. கையப் பிடிச்சுக்காதே. எதையும் ஒளிக்காதே. வர்ற மாதிரி போடு."

"வேலைய விட்டு எடுத்துட்டா?"

"எடுக்கவும் செய்யலாம்" என்றார் கோந்து. பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆனா இன்னும் ஒரு வருஷம் நீ அங்க இருக்கறத நான் பாத்துட்டு இருக்க மாட்டேன்." அவள், "சரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. லாரி வாசலில் நின்றது. மேனேஜர் ஃபாரத்தோடு தயாராக இருந்தார். கோந்து பவ்யமாக, "முத்திரை ஸ்டோர்ஸ்ல இருக்கு சார், எல்லாரும் அங்கயே போயிட்டா ஒரே வேலையா முடிஞ்சுரும்" என்றார். கமிட்டி எழுந்து ஸ்டோர்ஸுக்கு நடந்தது.

மனைவி வந்தாள். ஃபாரத்தை வாசித்தாள். 'தகவல் இல்லை' என்ற இடத்தில் கணவனின் கையெழுத்தைப் பார்த்து ஒரு கணம் அவரை ஏறிட்டாள். கோந்து தலையைக் குனிந்துகொண்டார். அவள் பேனாவை எடுத்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல், வந்தபடி போட்டாள். கையெழுத்து கட்டத்தைத் தாண்டி மேலே இருந்த வரி வரைக்கும் போய்த் திரும்பியது.

ஸ்டோர்ஸ்காரர் மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். "பொருந்தல சார்."

"என்னய்யா பொருந்தல? கண்ணு முன்னாலதானே போட்டாங்க? இவங்கதான்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் சார். ஆனா மாதிரியோட பொருந்தல. முத்திரை வைக்க முடியாது."

"அப்ப கட்டைவிரல் ரேகை எடுத்துக்குங்க."

"ரேகைக்கு மாத்தணும்னா பழைய மாதிரி ஏன் ரத்துன்னு எழுதணும். நீங்க போட்ட சட்டம்." சுவரைக் காட்டினார். 'கையெழுத்துப் பொருந்தாவிடில், ஏன் பொருந்தவில்லை என்று டாக்டர் காரணம் எழுதித் தர வேண்டும்.' கீழே மேனேஜரின் கையெழுத்து, கம்பீரமாக. வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"எழுதிக் குடுங்க டாக்டர், என்ன பெரிய விஷயம்" என்றார் மேனேஜர்.

டாக்டர் 'கை நடுக்கம்' என்று எழுதினார்.

"அது என்னன்னு எனக்கே தெரியுது" என்றார் ஸ்டோர்ஸ்காரர். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு."

டாக்டர் 'வயது' என்று எழுதப் போனார்.

"வயசுன்னா ஆபீஸ்காரங்க கையெழுத்தும் ஆட்டம் கண்டிருக்கணுமே. மேனேஜர் சார் இவங்கள விட இருபது வயசு மூத்தவர். சுத்திப் பாக்கப் போறப்பல்லாம் மோதிரம் வைக்கறார்." ஸ்டோர்ஸ்காரர் முதல் பதிவேட்டையும் பன்னிரண்டாவதையும் விரித்து, மேனேஜர் கையெழுத்து இரண்டையும் காட்டினார். அச்சு அசலாக ஒன்றே. பிறகு ஃபில்லிங் பெண்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவருக்குக் கமிட்டியும் தெரியாது, கருணையும் தெரியாது. தப்பான காரணத்துக்கு முத்திரை வைக்க மாட்டார், அவ்வளவுதான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினோரு பெண்கள். பதினோரு 'நலம்' எழுதிய பேனா அவர் கையில்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து கோந்துவின் மனைவியிடம், "எவ்வளவு நாளா இருக்கும்மா?" என்று கேட்டார். அந்தக் கம்பெனியில் அவர் பதிலுக்காகக் காத்திருந்து கேட்ட முதல் கேள்வி அது.

"டம்ளர நெறைக்க முடியாம ஒரு வருஷம். நூல் கோக்க முடியாம நாலு வருஷம்."

டாக்டர் எழுதினார். ஸ்டோர்ஸ்காரர் அதை உரக்கப் படித்தார்: "பாதரச ஆவியைப் பன்னிரண்டு ஆண்டு சுவாசித்ததால் நரம்புக் கெடுதல்." அப்புறம் ஃபாரத்தைத் தூக்கிப் பார்த்தார். "மேல தகவல் இல்லைன்னு இருக்கு, கீழ தகவல் இருக்கு. ஒரே தாள்ல ரெண்டு பேச்சு. இதுக்கும் முத்திரை வைக்க முடியாது."

ஹாரன் மறுபடி அடித்தது. மேனேஜர் சுவரில் இருந்த தம் கையெழுத்தைப் பார்த்து முறைத்தார். "ஆம்னு போட்டுத் தொலைங்க. எல்லாத்துக்கும் போடுங்க. லாரி போகணும்."

கோந்து போட்டார். மூச்சில் போனால் ஆபத்தா: ஆம். நீண்ட காலம் பழகினால் கெடுக்குமா: ஆம். அழுத்திப் போட்டதில் தாள் கிழியப் பார்த்தது. லேபிளில் மண்டை ஓட்டுப் படம் ஏறியது. அரிக்கும் படத்திலிருந்த வெள்ளை மையை பிளேடால் சுரண்டி, அழித்த கையைத் திரும்பக் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை பதினோரு பெண்களும் பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். ஃபில்லிங் அறைக்குக் காற்று இழுக்கும் விசிறி வாங்க ஒரு கமிட்டி போடப்பட்டது. விசிறி வரும்வரை வேலை நிற்கக் கூடாதே என்று பதினோரு புதுப் பெண்கள் எடுக்கப்பட்டார்கள். ஐந்து வருஷம் ஆக ஐந்து வருஷம் இருக்கிறது என்றார் மேனேஜர். ஸ்டோர்ஸ்காரர் பதின்மூன்றாவது பதிவேட்டில் புது மாதிரிக் கையெழுத்துகள் வாங்கினார். எல்லாம் குண்டு குண்டாக, நேர்கோட்டில் இருந்தன. கோந்துவின் மனைவி அந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்று தன் கம்மலை வாங்கினாள். கையெழுத்துப் போட வந்த கடைசிப் பெண்ணிடம், "என் கையப் பாத்துக்கோம்மா" என்று நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள், மறுபடி எடுக்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவளும் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் கம்மலைப் போட்டுக்கொள்ளக் கண்ணாடி முன் நின்றாள். திருகாணி கம்பியில் சேரவில்லை. மூன்று தடவை தரையில் விழுந்தது. கோந்து மண்டியிட்டுத் தேடி எடுத்து, "கொடு இப்படி" என்றார். பேக்கிங்குக்கு மாறிவிட்டால் கை சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருந்தார். டாக்டரிடம் கேட்டதற்கு, கொஞ்சம் சரியாகலாம், முழுசாகச் சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இருபது வருஷக் கோந்து காய்ந்து தடித்த விரல்களால் காது மடலைப் பிடித்து, கம்பியை நுழைத்து, திருகினார்.

"லேபிள் ஒட்டற மாதிரி அழுத்தாதீங்க" என்றாள் அவள்.

"ஆடாம நில்லு."

"நான் எங்க ஆடறேன்? உங்க கைதான் நடுங்குது."

பார்த்தார். அவருடைய கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அது பாதரசத்தால் இல்லை என்று அவருக்குத் தெரியும். அடுத்த காதுக்கு வந்தார்.